நீல விளக்கும் ஈரக் கம்பளியும்

மடியில் வைத்துக்கொண்டு போன பெட்டி

கொல்லிமலை பஸ்ஸில் யூவி டியூப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறியவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். லாரியில் போட்டு அனுப்பினால் கொண்டை ஊசி வளைவுகளில் உருண்டு உடைந்துவிடும் என்று பயம். பக்கத்துச் சீட்டில் ஓர் அம்மா பலாப்பழத்தை மடியில் வைத்திருந்தார்.

"உள்ள என்னுங்க, முட்டையா?"

"இல்லீங்க. வெளக்கு."

"வெளக்குக்கா இத்தனை சீராட்டு!" என்று அவர் சிரித்ததில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

நான் ராசிபுரம் பக்கத்து ஆள். ஆஸ்பத்திரிகளுக்கு லைட், ஃபேன், ஜெனரேட்டர் மாட்டிக்கொடுப்பது என் தொழில். இப்போது முட்டி போய்விட்டது, ஏணி ஏற முடிவதில்லை. தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் போன் பண்ணி, "அண்ணா, யூவி லைட்ல எந்த கம்பெனி நல்லது?" என்று கேட்கிறார்கள். கம்பெனியைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது வேறு.

கொல்லிமலை மேல், தேவனூர் நாடு என்று சொல்லும் ஊர்கள் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. அதில் காசநோய்க்காரர்களுக்கு என்று தனியாக ஒரு சின்ன வார்டு. நாகர்கோவிலிலிருந்து வந்த டாக்டரம்மா ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே எங்கள் ஊர் என்றால் ஜன்னலைத் திறந்து வை, காற்று வந்து போகட்டும் என்று சொல்லிவிடலாம். மலையில் மழையும் மூடுபனியும் தொடங்கிவிட்டால் யார் ஜன்னலைத் திறப்பார்கள்? எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு அதே காற்றைத்தான் எல்லோரும் சுவாசிக்க வேண்டும். அதனால்தான் டாக்டரம்மா யூவி ஃபிக்ஸர், அதாவது கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு, கேட்டார்.

புரியும்படி சொல்கிறேன். ஃபிக்ஸர் கூரையிலிருந்து தொங்கும். பக்கவாட்டில் தகடு தகடாக அடைப்பு இருக்கும். அந்த இடுக்கு வழியாக யூவி ஒளி ஆள் தலைக்கு மேலேயே பரவும். கீழே இறங்கவே கூடாது. இறங்கினால் கண் எரியும், தோல் சிவக்கும். நோயாளி இருமும்போது வெளியே வருகிற கிருமி காற்றோடு மேலே போய் அந்த ஒளியில் பட்டால் செத்தது. படாவிட்டால் அது பாட்டுக்குக் கீழே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே மேல்காற்றும் கீழ்க்காற்றும் கலந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் கூடவே சீலிங் ஃபேன், மெதுவாக, எந்நேரமும்.

மாட்டி முடித்து, ஒளி கீழே இறங்குகிறதா என்று தலை உயரத்தில் மீட்டர் பிடித்துப் பார்த்துவிட்டு, வார்டு ஆயா வெள்ளையம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தேன். வெள்ளையம்மா அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். புருஷன் இதே நோயில் இதே வார்டில் போனவர். அதற்கப்புறம்தான் இவர் இங்கே வேலைக்குச் சேர்ந்தார். ஏன் அம்மிணி, வேறு வேலையே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "அவங்க படுத்த கட்டில்ல இன்னொருத்தர் படுக்கறாங்க. பாக்க ஆள் வேணுமில்லீங்களா?" என்றார். ஒரே மகள் சரசுவை முள்ளுக்குறிச்சியில் கட்டிக்கொடுத்திருந்தார்.

"ஏனுங்கண்ணா, வெளக்குதான் எரியுதே, அப்பறம் ஃபேன் என்னத்துக்குங்க? எங்க மலையில யாருங்க ஃபேன் போடுவாங்க?"

"அம்மிணி, சாமைக் கஞ்சி காச்சறீங்க. அடுப்பு எரியுதுன்னு சும்மா உட்டுடுவீங்களா? துடுப்புப் போட்டுக் கிண்டறீங்கல்ல? ஃபேன்தான் துடுப்பு."

"அட, கிண்டறதுக்கா! செரிங்க, செரிங்க, கிண்டட்டும்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கயிறு

மழை தொடங்கிய பிறகு சர்வீஸுக்குப் போனேன். வார்டுக்குள் கால் வைத்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஃபேன் நின்றிருந்தது. போதாததற்குச் சுவருக்குச் சுவர் உயரமாகக் கயிறு கட்டி, ஃபிக்ஸருக்கு நேர் எதிரே ஈரக் கம்பளிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். யூவி ஒளி முழுக்கக் கம்பளிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

"யாரும்மா இந்த வேலை பண்ணுனது? இது ஆஸ்பத்திரியா, வண்ணாந்துறையா?" என்று கத்தினேன்.

வெள்ளையம்மா ஓடி வந்தார். "நாந்தானுங்க. வெளிய போட்டாக் காயமாட்டேங்குதுங்க. பனி நனைச்சுப்போடுது."

"ஃபேன் ஏன் நிக்குது?"

அவர் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். கட்டிலில் குறுகிக் கிடந்த ஒரு பெரியவர் சொன்னார். "நாந்தான் நிறுத்தச் சொன்னேன் சாமி. மேல காத்து வீசுனா எலும்பெல்லாம் நடுங்குது. நோவுல சாகறதுக்கு முந்தி வெறச்சே செத்துருவனாட்ட இருக்குது."

எனக்குக் கோபம்தான் வந்தது. கயிற்றை அறுத்தேன். போர்டிலிருந்த ஃபேன் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, விளக்குக்கும் ஃபேனுக்கும் சேர்த்து ஒரே ஸ்விட்சாக வயரிங்கை மாற்றினேன். ரெகுலேட்டரை இரண்டாம் நம்பரில் வைத்து டப்பாவுக்குள் போட்டு மூடினேன். இனி விளக்கு எரிந்தால் ஃபேனும் ஓடித்தான் ஆக வேண்டும். விளக்கை அணைக்கவே கூடாது என்று வெள்ளையம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பார்க்கிறேன் யார் நிறுத்துகிறார்கள் என்று மனசுக்குள் சவால் வேறு. டாக்டரம்மாவும், "நல்ல ஐடியா அண்ணே" என்றார்.

கட்டிப்போட்ட ஃபேன்

கொஞ்ச நாளில் டாக்டரம்மாவிடமிருந்து போன். "அண்ணே, ஃபேனிலிருந்து கரிஞ்ச நாத்தம் வருது, சீக்கிரம் வாங்க."

போய்ப் பார்த்தால், ஃபேன் ரெக்கையில் நூல் சேலைக் கிழிசலை முறுக்கிக் கட்டி, அதை இழுத்து ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டிருந்தது. விளக்கு ஜோராக நீலமாக எரிந்துகொண்டிருந்தது. சுற்ற வழியில்லாமல் முக்கி முக்கி மோட்டாருக்குள் இருந்த கம்பிச் சுருள் வெந்துபோயிருந்தது. முப்பது வருஷத் தொழிலில் ஃபேனை மாடு மாதிரிக் கட்டிப்போட்டு நான் பார்த்ததில்லை.

"வெள்ளையம்மா!"

அவர் ஒளிந்துகொள்ளவெல்லாம் இல்லை. நேராக வந்து நின்றார். "வெளக்க அணைக்கக் கூடாதுன்னீங்க, நான் அணைக்கலீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மா சிரித்தார், படுத்திருந்த நோயாளிகள் சிரித்தார்கள், வெள்ளையம்மாவும் சிரித்தார். சிரிப்பு அவருக்கு இருமலில் போய் முடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வெகுநேரம் இருமினார்.

"என்ன அம்மிணி, இருமல் பலமா இருக்குது?"

"அடுப்புப் பொகைங்க. ஈர வெறகு."

டாக்டரம்மா முகம் மாறியது. "நாளைக்கே சளி குடுத்து டெஸ்ட் பண்ணணும்" என்றார். "பண்றனுங்க, பண்றனுங்க" என்று சொல்லிக்கொண்டே வெள்ளையம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் புது ஃபேன் மாட்டி, இனிமேல் கட்ட மாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு மலை இறங்கினேன்.

ஜன்னலோரக் கட்டில்

அடுத்த முறை போனபோது ஜன்னலோரக் கட்டிலில் வெள்ளையம்மா படுத்திருந்தார். முதலில் எனக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. பாதியாகிப்போயிருந்தார்.

டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். "டெஸ்டுக்கு ஓடி ஒளிஞ்சுகிட்டே இருந்தாங்க அண்ணே. இங்க டெஸ்ட் கொடுத்தா வேலையிலிருந்து நிறுத்திடுவோம்னு பயம். சர்க்கரை வேற இருந்திருக்கு, அவங்களுக்கே தெரியாது. கடைசியில் பிடிச்சு இழுத்துட்டு வந்து பார்த்தா, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத வகை. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் வெச்சு வேற மருந்து ஆரம்பிச்சோம். உடம்பு தாங்கலை. மலைக்கே கூட்டிட்டுப் போங்கன்னு ஒரே அழுகை."

"இங்கதான் ஒட்டிச்சுங்களா?"

"யாருக்குத் தெரியும் அண்ணே? புருஷன்கிட்டேயிருந்து ஒட்டி உள்ளேயே கிடந்திருக்கலாம். இங்கேயும் ஒட்டியிருக்கலாம். நான் எப்படிச் சொல்ல?" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உள்ளே போனேன். ஃபேன் இரண்டாம் நம்பரில் ஓடிக்கொண்டிருந்தது. மகள் சரசு கட்டில் பக்கத்தில் முகக்கவசம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தவழ்கிற குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். வெள்ளையம்மா இரண்டு சேலையைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். பல் அடித்துக்கொள்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க" என்றாள் சரசு. "ஃபேன நிறுத்தறன்னா உடமாட்டேங்குது அம்மா. கைய ஓங்கிட்டு வருது."

"நிறுத்துனா பாரு" என்றார் வெள்ளையம்மா. குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. "ஓடட்டும்டி. கிண்டிட்டே இருக்கட்டும். எம் பக்கத்துல உக்காந்து மூச்சு உடறவ நீதான? போடின்னாலும் போகமாட்டேங்குற. பச்சப்புள்ளக்காரி." பிறகு என்னைப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, வெளக்கு செரியா வேல செய்யுதுங்களா? எம்புள்ளைக்கு ஒண்ணும் ஒட்டாதுங்களே?"

கிருமிக்கு முன்னால் அப்படி யாரும் சத்தியம் பண்ண முடியாது. மீட்டரை எடுத்து அளந்தேன், ஸ்பிரிட் துணியால் டியூபைத் துடைத்தேன், "நல்லா வேல செய்யுது அம்மிணி" என்றேன். அதுவரைக்கும் நிஜம்.

நெஞ்சு பொறுக்காமல் சரசுவிடம், "கம்பளி ஒண்ணு போத்தி உடக் கூடாதா கண்ணு?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க மாமா. கட்டிலுக்கு ரெண்டு குடுத்துருக்காங்க. தொவைக்காமப் போத்தக் கூடாதுங்கறாங்க, தொவைச்சா காயறதில்லீங்க. பாருங்க" என்று மூலையிலிருந்து ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

கம்பளி கனத்தது. ஈரம் என் சட்டையில் இறங்கியது. மழைக்காலம் முழுக்க இந்த வார்டில் காய்ந்த கம்பளி என்று ஒன்று இருந்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெரியவர் வெறச்சுச் செத்துவிடுவேன் என்றது, வெள்ளையம்மா கயிறு கட்டியது, ஃபேனைக் கட்டியது எல்லாம் இந்த ஈரத்தால்தான். வார்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மீட்டரில் மட்டும் தெரியவில்லை.

பீரோ

அன்று நான் மலை இறங்கவில்லை. ஸ்டோர் ரூமில் ஒரு பழைய இரும்பு பீரோ கிடந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டு அதை வெளியே இழுத்துப் போட்டேன். பக்கத்து ஊரான சோளக்காட்டில் ஒரு கடையில் ஹீட்டர் கம்பிச் சுருள் கிடைத்தது. அடியில் அந்தச் சுருள், மேலே ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன், சூடு மீறினால் தானாக நிற்க ஒரு தெர்மோஸ்டாட், ஈரக்காற்று வெளியே போக ஒரு பைப். உள்ளே கம்பி கட்டிக் கம்பளிகளைத் தொங்கவிட்டேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை, பாலிடெக்னிக் பையன்கூடச் செய்துவிடுவான். பொழுது சாய்வதற்குள் முதல் கம்பளி காய்ந்துவிட்டது.

சூடு ஆறுவதற்குள் எடுத்துக்கொண்டு ஓடினேன். சரசு வாங்கிப் போர்த்திவிட்டாள். வெள்ளையம்மா அதைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வெதுவெதுன்னு இருக்குதுங்க" என்றார். "ஆட்டுக்குட்டியாட்ட."

நடுக்கம் மெல்ல மெல்ல நின்றது. சரசு அழுதுகொண்டிருந்தாள். நான் பையை எடுத்துக் கிளம்பினேன். வாசல் தாண்டும்போது வெள்ளையம்மா கூப்பிட்டார்.

"அண்ணா, ஃபேன இன்னொரு நம்பர் ஏத்தி உட்டுட்டுப் போங்க. இப்பத் தாங்குவேன். நல்லாக் கிண்டட்டும்."

டப்பாவைத் திறந்து ரெகுலேட்டரை மூன்றில் வைத்தேன். அவர் மகள் இல்லாத பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

மிளகு பறிக்கிற சமயத்தில் வெள்ளையம்மா போய்விட்டார். சரசுவுக்கு எல்லாப் பரிசோதனையும் பண்ணிப் பார்த்து, ஒன்றும் ஒட்டவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அது தெரிந்த பிறகுதான் வெள்ளையம்மா கண்ணை மூடினார் என்பது ஒன்றே ஆறுதல். அந்த ஆறுதலும் எனக்குப் பாதி நாள் பலிப்பதில்லை.

பிள்ளைகளுக்கு

இப்போது யூவி வேலை என்று யார் கேட்டாலும் ஃபிக்ஸர், ஃபேன், கம்பளி காய வைக்க வசதி மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "எலக்ட்ரீஷியனுக்குக் கம்பளிக் கவலை எதுக்குய்யா?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். குளிர்கிற இடத்தில் மூன்றும் ஒரே சர்க்யூட். ஒன்று போனால் மற்ற இரண்டும் போய்விடும். நீங்கள் ஒரு வார்டுக்குப் போனால் எடுத்த எடுப்பில் ஏணியைப் போடாதீர்கள். ஃபேனை ஓடவிட்டு, காலியான கட்டில் ஒன்றில் கொஞ்ச நேரம் படுத்துப் பாருங்கள். ஃபேனை ஏன் நிறுத்துகிறார்கள் என்று அப்போது தெரியும்.

நான் கடைசியாக மலைக்குப் போனபோது ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. கழுவி, புது விரிப்பு விரித்திருந்தார்கள். வெளியே மூடுபனியில் எதிரே நின்ற மரம்கூடத் தெரியவில்லை. பீரோவிலிருந்து ஒரு கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு அந்தக் கட்டிலில் படுத்தேன். மேலே விளக்கு நீலமாக எரிந்துகொண்டிருந்தது. ஃபேன் மூன்றிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

குளிரவே இல்லை. கம்பளியை முகத்துக்கு இழுத்து மூடிக்கொண்டு அழுதேன்.