வள்ளூர் குளத்து நீர்நாய்

பொறாமையில் கதை கட்டுகிறேன் என்று புருஷன் வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். போன கார்த்திகையில் என் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். வீட்டுக்காரர் டில்லிபாபுவுக்கு வள்ளூர் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. ஐந்து மணிக்கு ஷிப்ட் முடியும். வீடு வர ஏழாகும். கேட்டால், பக்கத்துக் குளத்தில் ஒரு நீர்நாய் வருகிறதாம், அதற்கு மீன் போடுகிறாராம். என்னிடம் பத்து வார்த்தை பேசாத மனுஷன், அதைப் பற்றி மட்டும் வாய் ஓயாமல் பேசுவார்.

“இன்னா அழகா நீந்துது தெரியுமா, யசோ?”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீர்நாயாவது ஒன்றாவது! எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்றே நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை மின் நிலைய வாசலில் காத்திருந்து, அவர் பின்னாலேயே குளத்துக்குப் போனேன். மணி 6.10. வேலிகாத்தான் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கரையில் அவர் மட்டும்தான். அப்பாடா என்றிருந்தது.

அவர் விசிலடித்தார்.

மின் நிலைய விளக்கு வெளிச்சம் விழுந்த தண்ணீரில் ஒரு கறுப்புத் தலை. பின்னால் நீளமாக வால். நிஜமாகவே நீர்நாய்! வெட்கமாகிவிட்டது. போனில் வீடியோ எடுத்தேன்.

அவர் மத்தி மீனை வீசினார். அது தொடவில்லை. முந்தின நாள் போட்ட மீனும் உப்பி மிதந்தது.

அது நீந்தியது... ஆனால் தண்ணீர் அசையவில்லை.

சத்தமும் இல்லை.

6.17. அது திரும்பியது...

அவர் பக்கம் இல்லை.

என் பக்கம்.

ஓடி வந்துவிட்டேன். வந்ததும் வீடியோவை மாயாவுக்கு அனுப்பினேன். காலேஜ் தோழி, இப்போது விலங்கியல் டீச்சர். உடனே போன் பண்ணினாள்.

“நீர்நாய் வால் தடியா இருக்கும்டி. இது தண்ணியில பரவுது... இது வால் இல்ல.”

“பின்ன?”

“முடி.”

விடிந்ததும் பக்கத்து வீட்டு சொக்கம்மாள் அக்காவிடம், அது என் பக்கம் திரும்பும் இடத்தில் வீடியோவை நிறுத்திக் காட்டினேன். அவள் முகம் வெளுத்தது.

“நீலா... டில்லியோட மொத பொண்டாட்டி. உன்னாண்ட சொல்லலியா?”

எனக்கு முதலில் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

“அழகா இருப்பாளா?” என்று கேட்டேன்.

“அட போடீ... அவளும் உன்ன மாரிதான். புருஷன் டெய்லி யாராண்ட போறான்னு பாக்க, அந்தக் கொளத்துக்குப் போனா. பொணமாத்தான் எடுத்தாங்கோ. அப்பவே அவன், நீர்நாய்க்கு மீன் போடறேன்னுதான் சொல்லிக்கினு இருந்தான்.”