இல்லாத எலியைத் தேடிய வீடு

காரைக்குடியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் குளிக்கப் போவதென்றால் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். தெருவாசலிலிருந்து கிணற்றடிவரை மூன்று முற்றங்கள். சோப்பை மறந்தால் எடுத்து வருவதற்குள் தலை காய்ந்துவிடும். மலேசியாவில், தைப்பிங்கில் எங்கள் பலகை வீட்டில் அப்பா தும்மினால் பக்கத்து வீட்டுச் சீனர் ஏதோ சொல்லுவார். அது வாழ்த்தா வசவா என்று இன்றுவரை தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் படிக்க வந்த எனக்கு அந்த வீடு எளிதில் கிடைக்கவில்லை. "வெளிநாட்டுப் பொண்ணா? போலீசு, பாஸ்போர்ட்டுன்னு அலையணுமே" என்று இரண்டு வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீட்டுக்காரரான மீனா ஆச்சி மட்டும், "நடுராத்திரி பாட்டுப் போடக் கூடாது, ஆத்தா" என்று சொல்லிச் சாவியை நீட்டினார். வீட்டு வேலை பார்க்கும் மாரிமுத்து அண்ணன், "தைப்பிங்குன்னா கீழச்சிவல்பட்டிப் பக்கமா?" என்று கேட்டார். பஸ்ஸெல்லாம் போகாது என்றேன். பாவம், சாலை வசதியில்லாத ஊர் என்று அவர் வருந்தினார்.

மாடி அறையில் என்னுடன் இருவர். வாத்தியார் மகள் செலின். கண்டரமாணிக்கத்து விவசாயி மகள் முத்துலெட்சுமி. முதல் மாதம் மூவரும் மரியாதையாகப் பேசிக்கொண்டோம். அதாவது பேசவேயில்லை. ஒரு புதன்கிழமை வீட்டு நினைப்பு தாங்காமல், அம்மா கட்டிக்கொடுத்த பெலாச்சானை ஸ்டவ்வில் வாட்டினேன். பொடி இறாலை அரைத்துக் காயவைத்த கட்டி அது. எனக்கு அது அம்மாவின் அடுப்படி வாசம்.

"கருவாடு மாதிரி இருக்கு. ஆனா அந்தக் கருவாடே செத்த மாதிரியில்ல இருக்கு!" என்றாள் முத்துலெட்சுமி, மூக்கைப் பொத்தியபடி.

கீழேயிருந்து ஆச்சியின் குரல் வந்தது. "என்ன நாத்தம் அது?"

மூன்றாவது கதவும் சாத்தப்படப் போகிறது என்று அவசரமாக ஸ்டவ்வை அணைத்தேன். அதற்குள் பொய்யே சொல்லாத செலின் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "எலி செத்துக் கெடக்கு போல ஆச்சி!" என்றாள்.

மறுநாளே தேடல் தொடங்கியது. பூட்டிக் கிடந்த எட்டு அறைகளின் சாவிகளும் பங்காளிகளிடம் இருந்தன. ஆச்சி ஆளனுப்பி ஒவ்வொன்றாகத் திறக்க வைத்தார். குற்ற உணர்ச்சியில் நாங்கள் மூவரும் ஒட்டடை அடித்தோம், தரையைத் தேய்த்தோம், வௌவால்களிடம் மன்னிப்புக் கேட்டோம். இருமி இருமிச் சிரித்ததில் எங்களுக்குள் இருந்த மரியாதை முழுவதும் போய்விட்டது. மூன்று நாளாகியும் எலி கிடைக்கவில்லை. இருந்தால்தானே?

ஞாயிறன்று ஊருக்குப் போய்த் திரும்பிய முத்துலெட்சுமி, பையிலிருந்து செத்த எலி ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கினாள். "எங்க வயல்ல அடிச்சது. கொண்டுபோய்க் காட்டுவோம்."

ஆச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வயக்காட்டு எலி மாடி ஏறி வந்துச்சாக்கும்?"

ஆச்சி என்னைப் பார்த்தார். "எங்க அப்பச்சி பினாங்குல கடை வச்சிருந்தாக. ஊருக்கு வரயில பெட்டி பூரா இந்த வாசம்தான் அடிக்கும். பெலாச்சான் எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் ஆச்சி எங்களைத் தேட விட்டீக?" என்றாள் செலின், அழாத குறையாக.

"பத்து வருசமாக் கேக்குறேன். ஒரு பங்காளி சாவி குடுக்கலை. எலின்ன ஒடனே ஓடி வந்தாக. கூட்டிப் பெருக்க மூணு புள்ளைகளும் சும்மா கெடைச்சீக. மிச்சம் இருந்தா எனக்குக் கொஞ்சம் குடு, ஆத்தா."

அன்று ஆச்சியின் அடுப்படியில் மிளகாய் சேர்த்துப் பெலாச்சான் சம்பல் இடித்தேன். மூக்கைப் பொத்திய முத்துலெட்சுமிதான் மூன்றாம் முறை சோறு கேட்டாள்.

விடுமுறைக்குத் தைப்பிங் போனேன். கழுவிய சட்டியோடு நின்ற அம்மா, "இதை எங்கே வைக்க?" என்றார். "அங்குட்டு வைங்கம்மா" என்று காரைக்குடிப் பேச்சிலேயே சொல்லி அந்தப் பக்கமாகக் கையை நீட்டினேன். அங்குட்டு என்றொரு சாமான் நம் வீட்டில் ஏது என்று அம்மா அலமாரி முழுக்கத் தேடினார். மூன்று முற்றம் தாண்டிக் காட்டிப் பழகிய என் கை, சன்னலுக்கு வெளியே மழையில் எதையோ காட்டிக்கொண்டிருந்தது.