இரண்டு ஊர்க் கிணறு

செஞ்சியைச் சுற்றியுள்ள பஞ்சாயத்துகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே டிஜிட்டல் மேப் தயாரிக்கும் வேலையில் இருந்தபோது, இடங்களைக் காட்ட ஒரு தண்ணீர் டேங்க் ஆபரேட்டரை என்னோடு அனுப்பினார்கள். நரைத்த மீசை. தோளில் வால்வு திறக்கும் நீள இரும்புச் சாவி. தெருக்குழாய், லைட் கம்பம் என்று காட்டிக்கொண்டே முன்னால் போவார். கிணறு வந்தால் மட்டும் எனக்கும் கிணற்றுக்கும் நடுவில் வந்து நின்றுகொள்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ராஜகிரிக் கோட்டை மலை தெரிகிற ஒரு வெளியில், சுற்றுச்சுவர் இல்லாமல் தரையோடு தரையாக ஒரு கிணறு இருந்தது. போனில் பார்த்தால் ஊர் எல்லைக்கோடு அதன் மேலேயே ஓடியது.

"இது எந்த ஊருதுண்ணா?"

"நாங்க பக்கத்து ஊருதுன்னோம். அவங்க உங்களுதுன்னாங்க. அதான் யாரும் செவுரு கட்டல. எம் பொண்ணு இதுல வுழுந்துதான் சார் போயிடுச்சு."

போன் மேப்பில் கிணற்றுக்குப் புள்ளி வைத்தேன். "இனிமே ரெண்டு பஞ்சாயத்துக்கும் இது மேப்ல தெரியும்ணா" என்றேன்.

"அப்பவும் ரெண்டு ஊருக்கும் தெரிஞ்சுதான் சார் இருந்துச்சு."

பைக்கைக் கிளப்பினேன். அவர் ஏறவில்லை. கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நான் போகும்வரை அங்கேயே நின்றார்.