அவளுக்கென்று பாடாத பாட்டு

எங்கள் பக்கத்தில் அழுவதற்குக் கரைவது என்று சொல்வோம். தொட்டிலில் பிள்ளை அழுதால், பிள்ளை கரைகிறது. சாவு வீட்டில் பெண்கள் கரைகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் எழுதுகிறது ஒன்றும் விளங்காது.

புதுக்கடைச் சந்தைக்குப் பக்கத்தில் எனக்குப் பலசரக்குக் கடை. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. வேதம் வாசிப்பேன், பேப்பர் பார்ப்பேன், அவ்வளவுதான். எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன் என்றால், யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத காரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒரே பெண்பிள்ளை இருந்தாள். பால்வாடிக்குப் போகிற வயதில் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குத் தோளில் போட்டுக்கொண்டு போன பிள்ளையைத் துணியில் சுற்றித் தந்தார்கள். அடக்கம் முடிந்த பிறகு என் மனைவி கரையவே இல்லை. ஆலயத்துக்கு வரவில்லை. சாயங்காலக் குடும்ப ஜெபத்துக்கு நான் பாயைப் போட்டால் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். கூப்பிட்டால், "நீங்க ஜெபிங்க, எனக்கு அவருட்ட பேச ஒண்ணும் இல்ல" என்பாள். நான் தனியாக உட்கார்ந்து பைபிளைத் திறந்து ஒரு சங்கீதம் வாசிப்பேன். என் சத்தமே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி கேட்கும்.

அந்தக் காலத்தில்தான் அவளுடைய தம்பி டி.வி. பாட்டுப் போட்டியில் பாடிக்கொண்டிருந்தான். எங்கள் சபையின் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவன். ஊரே அவனுக்கு ஓட்டுப் போட்டது. என் கடைக்கு உப்பு வாங்க வருகிறவர்கள்கூட, "மச்சானுக்கு ஓட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையை நீட்டுவார்கள்.

போட்டி முடியப்போகிற நேரம் அவன் போன் செய்து, பிள்ளையின் போட்டோ ஒன்று வேண்டும், பர்சில் வைக்க என்றான். என் மனைவி ஆல்பத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொடுத்தாள். பால்வாடி ஆண்டுவிழாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டி நிற்கிற படம். வேறு பிரதி கிடையாது. நான்தான் கூரியரில் போட்டேன்.

அடுத்த வாரம் அவன் தானே எழுதி, தானே மெட்டுப் போட்ட பாட்டைப் பாடினான். "கரையாதே மக்கா, கரையாதே." பிள்ளை அழும்போது என் மனைவி சொல்கிற அதே வார்த்தை. அதே இழுப்பு. பின்னால் பெரிய திரையில் எங்கள் பிள்ளை பட்டுப்பாவாடையோடு நின்றாள்.

என் மனைவி தரையில் உட்கார்ந்து கரைந்தாள். அத்தனை மாதம் அடைத்துக்கிடந்தது எல்லாம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். "பாத்தியளா, எனக்க தம்பி எனக்காகப் பாடுதான். எனக்க பிள்ளைய உலகத்துக்குக் காட்டுதான்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

டி.வி.யில் நடுவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உப்பு தண்ணீரில் கரைகிற மாதிரி நீயும் கரைந்து போகாதே என்று எழுதியிருக்கிறீர்களே, என்ன கற்பனை!" என்று பாராட்டினார். எங்கள் வீட்டில் அந்த நேரத்திலும் சிலர் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் வேறே என்று சொல்லவும் இல்லை. "ஆமாங்க சார்" என்று தலையாட்டினான். பயத்தில் சொல்கிறான் என்று நான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வெள்ளைப் புடவை கட்டி ஆலயத்துக்கு வந்தாள். அன்று சாயங்காலம் ஜெபத்துக்கு வந்து பாயில் முழங்கால் போட்டாள். "நான் பேசமாட்டேன்னு சொன்னேன். அதனால அவரு தம்பி வாய் வழியா எனக்கிட்ட பேசிட்டாரு" என்றாள். அவள் விசுவாசம் திரும்ப நின்றது அந்த ஒரு பாட்டின்மேல். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அவன் போட்டியில் ஜெயித்தான். சென்னையிலேயே தங்கிவிட்டான். பாட்டு எங்கும் பரவியது. ஆட்டோவில், போனில், கல்யாண வீட்டில்கூட. என் மனைவி மீன் கழுவும்போது பாடுவாள், துணி மடிக்கும்போது பாடுவாள். அவன் போன் செய்தால், "அதை ஒரு தடவ பாடு மக்கா" என்பாள். அவன், "தொண்ட செரியில்லக்கா" என்பான். வருஷக்கணக்கில் அவன் தொண்டை சரியாகவில்லை. நாங்களும் அதை நம்பினோம். மிளகுக் கஷாயம் போட்டுக் குடிக்கச் சொல்வாள்.

போன வருஷம் அறுப்பின் பண்டிகைக்குச் சபைக் கமிட்டி அவனை அழைத்தது. சனிக்கிழமை வந்து சேர்ந்தான். என் மனைவி மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் கறி வைத்து, அவன் உண்கிறதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உண்டு முடித்ததும் அவன் என்னைப் பின்பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனான்.

"அத்தான், நாளைக்கு அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம். கமிட்டியில சொல்லிருங்க."

"எந்தப் பாட்டு?"

"எந்தப் பாட்டுன்னு தெரியாதாக்கும்!" என்று ஊர்ப்பேச்சுக்கு வந்துவிட்டான். "மதுரைக்குப் போனா கரையாதே. துபாய்க்குப் போனா கரையாதே. ஒருத்தன் மேடையில வாளித் தண்ணிக்குள்ள சோப்பப் போட்டுட்டு எனக்க பாட்டப் பாடி நடிக்கான், அத்தன சனமும் சிரிக்கி. அதுக்குப் பெறவு நான் எத்தன பாட்டு போட்டேன் தெரியுமா? நீங்க ஒண்ணாவது கேட்டியளா?"

"கேக்கல்ல" என்றேன். அது உண்மை. "ஆனா மக்கா, இது உனக்க அக்காவுக்குன்னு நீ பாடினதுல்லா? ஊரு சிரிச்சா உனக்கு என்ன?"

அவன் ரப்பர் பால் வடிகிற சிரட்டை ஒன்றைக் குச்சியால் கிளறிக்கொண்டு நின்றான்.

"அக்காவுக்குன்னு நான் எப்ப சொன்னேன்?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"நான் மழையப் பத்தி ஒரு பாட்டு வச்சிருந்தேன் அத்தான். அதத்தான் பாட இருந்தேன். புரோகிராம்காரங்க, மழைக்கு எல்லாம் ஓட்டு விழாது, வீட்டுல ஏதாவது துக்கம் உண்டான்னு கேட்டாங்க. உண்டுன்னேன். எழுதுன்னாங்க. ராத்திரியோட ராத்திரியா எழுதினேன்."

"போட்டோ?"

"அதுவும் அவங்க கேட்டதுதான்."

மேலே ஏதோ சொன்னான். வயது, பயம், தோற்றுவிட்டு ஊருக்கு எப்படி வர என்று. அதெல்லாம் நியாயமாகக்கூட இருக்கலாம். என் காதில் விழவில்லை. என் கையால் கூரியர் உறையை ஒட்டினது மட்டும் நினைவில் நின்றது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டேன். "உனக்குப் பிடிக்கல்லன்னா பாட வேண்டாம். ஆனா இப்ப எனக்கிட்ட சொன்னத உனக்க அக்காட்ட மட்டும் சொல்லிராத. அவ இதப் பிடிச்சித்தான் நடக்கா."

"சொல்லமாட்டேன் அத்தான்" என்றான். அன்று சாயங்காலம் எங்களோடு முழங்கால் போட்டு ஜெபித்தான். ஆகையால் நம்பினேன்.

அறுப்பின் பண்டிகையில் ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஆலய முற்றத்தில் ஏலம் விடுவது வழக்கம். பூசணிக்காய், தேங்காய், கோழி, வாழைக்குலை, பெண்கள் சுட்டுக் கொண்டுவரும் முந்திரிக்கொத்து. சந்தையில் குலை ஏலம் கூறுகிற எங்கள் சபைக்காரர் ஒருவர்தான் இங்கேயும் ஏலம் கூறுவார். கமிட்டிச் செயலாளரிடம் நான் சொல்லியிருந்தேன், பாட்டு வேண்டாம் என்று. ஏலக்காரரிடம் அதை யாரும் சொல்லவில்லை.

அவர் ஒரு மட்டிப்பழக் குலையைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தார்.

"கேட்டுக்கிடுங்க மக்களே! இது சும்மா குலை இல்ல. இத எடுக்கப்பட்டவியளுக்கு நம்ம டி.வி.க்காரன் இந்த முற்றத்துல நின்னு கரையாதே பாடுவான். கடலைத் தாண்டிப் போயி கேக்கப்பட்ட பாட்டு, இங்க குலையோட சும்மா!"

"குலைய மட்டும் தந்தா மதி, பாட்டு போன்லயே உண்டு" என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்தாள். ஏலத்தில் ஒருநாளும் வாய் திறக்காதவள். "எனக்கு" என்றாள். தொகை சொல்லவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஏலக்காரர் சுற்றிலும் பார்த்தார். "அக்காக்காரி கேட்டா பின்ன எதிர்க்கேள்வி உண்டா? யாராவது கேட்டா நான் அடிப்பேன். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

மைக் அவன் கைக்குப் போனது. அவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணால், பாடிவிடு, ஒரு தடவைதானே, என்றேன். பாடினான். குரல் என்னமோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வார்த்தை வருகிற இடத்தில், "கலங்காதே கண்ணே, கலங்காதே" என்றான்.

இளைஞர்கள் விசில் அடித்தார்கள். "லேய், மாத்தாதலே! கரையாதேன்னு பாடு!"

"சென்னைக்குப் போயி பாஷ மறந்துட்டு!"

"சோப்பு வேணுமாலே?" என்று ஒருவன் கேட்டான். அந்த ஒரு வார்த்தைதான்.

அவன் பாட்டை நிறுத்தினான். முகம் சிவந்துவிட்டது. சென்னைப் பேச்சில் பேசினான். "உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுறேன். எனக்கு இந்தப் பாட்டு பிடிக்காது. என்னைக்குமே பிடிச்சதில்ல. அந்த ரவுண்டுல டி.வி.காரங்க சோகம் கேட்டாங்க. என்கிட்ட ஒரு சோகம் இருந்துச்சு, கொடுத்தேன். ஜெயிச்சேன். அவ்வளவுதாங்க. தயவுசெஞ்சு இதோட விட்டுருங்க."

வேடிக்கை சொல்கிறான் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். பிறகு அதுவும் நின்றது. எல்லோரும் என் மனைவியைப் பார்க்காமல் இருப்பதற்காக வேறு எங்கெங்கோ பார்த்தார்கள். ஏலக்காரர்தான் கடைசியில், "செரி... அடுத்தது கோழி" என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது குலையை நான் சுமந்துவந்தேன். அவள் முன்னால் நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "உங்களுக்கு முன்னமே தெரியும், இல்லியா?" என்றாள்.

"நேத்து சொன்னான்."

"ம்."

அவன் எங்களுக்குப் பின்னால் வந்தான். பையை எடுக்கத்தான் வந்தான். அவள் இலை போட்டுச் சோறு வைத்தாள். "உண்ணிட்டுப் போ" என்றாள். அவன் தலையைக் குனிந்து உண்டான். பாதி உண்ணும்போது அவள் கேட்டாள்.

"பர்சுக்குன்னுதான போட்டோ கேட்ட?"

"அக்கா, நான்..."

"இருக்கா பர்சுல? நான் ஒண்ணு பாத்துட்டுத் தாறேன்."

அவன் கை சோற்றில் நின்றது. "அத டி.வி. ஆபீசுல வாங்கி வச்சாங்க. திருப்பிக் கேக்க... விட்டுப்போச்சுக்கா."

அவள் ரசம் ஊற்றினாள். சண்டை போட்டிருந்தால் அவனுக்கும் எனக்கும் நல்லதாக இருந்திருக்கும். அவன் சாயங்கால வண்டிக்குக் குழித்துறை ரயில் நிலையத்துக்குப் போனான். ஆட்டோவில் ஏறும்போது என் கையைப் பிடித்து, "அத்தான், கூட்டத்துல கேலி பண்ணினாங்க, வாய்ல வந்துட்டு" என்றான். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடிக்கவும் இல்லை.

அவள் மறுபடியும் அடுப்படிக்குப் போய்விடுவாளோ என்று அன்றைக்கு நான் பயந்த பயம் கர்த்தருக்குத்தான் தெரியும். பாயைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தாள். முழங்கால் போட்டாள். பிறகு, "ஆண்டவரே, அது நீரு பேசினது இல்லன்னா, நீரு இதுவரைக்கும் பேசவே இல்லல்லா" என்றாள். அது ஜெபமா, சண்டையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவரிடம்தான் சொன்னாள். ஆமென் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் மீன் கழுவும்போதும் பாடுகிறதில்லை. கடையில் யாருடைய போனிலாவது அது அடித்தால் நான் எழுந்து உள்ளே போய் மூட்டையை நகர்த்துகிற மாதிரி நிற்பேன். அவன் சொன்னானே என்று அந்த மழைப் பாட்டையும் போனில் தேடிக் கேட்டேன். பின்னால் எப்போதோ பாடிப் போட்டிருக்கிறான், கேட்டவர்கள் கொஞ்சம்பேர்தான். நல்ல பாட்டு. மெய்யாகவே நல்ல பாட்டு. கேட்டால் கோபம் தணியும் என்று நினைத்தேன். கூடிவிட்டது. இவ்வளவு நல்லதைத் தன்னிடம் பத்திரமாக வைத்துக்கொண்டு எங்கள் பிள்ளையைக் கொடுத்தானே என்று.

இப்போதும் போன் செய்கிறான். எடுக்கிறோம். மழை உண்டா, ரப்பர் என்ன விலை, அக்காவுக்கு முட்டுவலி எப்படி. தொண்டையைப் பற்றி யாரும் கேட்கிறதில்லை.

தினமும் சாயங்காலம் கடைசியாகப் பரமண்டல ஜெபம் சேர்ந்து சொல்லுவோம். பிறரை நாங்கள் மன்னிக்கிறோம் என்கிற இடம் வரும்போது என் வாய் நின்றுவிடும். அவள் சத்தத்துக்குள் மறைந்துகொள்ளலாம் என்று பார்ப்பேன், அவள் சத்தமும் அங்கே இருக்காது. கொஞ்ச தூரம் தள்ளி இரண்டு பேரும் மறுபடி சேர்ந்துகொண்டு முடிப்போம். பல நாள் பொறுத்துவிட்டு ஒரு நாள் கேட்டேன்.

"நீ அந்த எடத்த விட்டுட்டுல்லா சொல்லுத?"

அவள் பாயைச் சுருட்டிக்கொண்டே, "நீங்களும்தான்" என்றாள்.