பென்சிலில் எழுதிய பெயர்

இன்று காலை சதுரங்கப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பேருந்தில், புது நாடாளுமன்றத்தில் யார் மந்திரி, யார் சபாநாயகர் என்று பின்சீட்டில் ஒரே சண்டை.

"நம்ம எம்.பி.க்கு மந்திரி பதவி நிச்சயம் மச்சான்."

"கிழிச்சாரு. கடைசி பெஞ்சு கெடைச்சாலே பெருசு."

என் பக்கத்தில் இருந்த மீன் விற்கும் அக்கா சிரிக்கவில்லை. பையிலிருந்து டைப் அடித்த மனு ஒன்றை எடுத்தார்.

"ஜெயிச்சவரு பேரு இன்னாம்மா? இதுல எழுதிக் குடு."

படித்தேன். கடலுக்குப் போன கணவர் ஆறு வருடமாகத் திரும்பி வரவில்லை. உடல் கிடைக்காததால் இறப்புச் சான்றிதழும் கிடைக்கவில்லை. அதைத்தான் கேட்டிருக்கிறார்.

பேனாவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பென்சில்ல எழுதும்மா. மனு அப்டியேதான் கீது. எம்.பி.தான் மாறிகினே கீறாரு."

'மாண்புமிகு'வுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு பெயர்களை அழித்த தடம். தாள் அங்கே மட்டும் மெலிந்திருந்தது. கிழிந்துவிடாமல் இருக்க, மூன்றாவது பெயரை அழுத்தாமல் எழுதினேன்.

பத்திரிகைக்காரர்களே, புது அவையில் யார் எங்கே உட்காருவார்கள் என்று விடிய விடிய எழுதுகிறீர்களே, எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். நான் இந்தப் பெயரைப் பேனாவால் எழுதியிருக்கலாமா?