செல்லச்சாமி வடிகால் வெட்டிய மரம்

அபிராமத்துக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் மிளகாய்க்காட்டை வைத்துக்கொண்டு உலகத்தையே எடைபோடுகிற ஆள் செல்லச்சாமி. ஜெர்மனியில் வந்து இறங்கிய அன்றே அந்த நாட்டையும் எடைபோட்டு முடித்துவிட்டார். அது ஐப்பசி மாதம். சூரியன், துக்கம் விசாரிக்க வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி, முகத்தைக் காட்டிவிட்டு நழுவிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் ஒரு வெயிலாத்தா? ஒரு படி வத்தல் காயுமா இதுல?" என்றார் மகளிடம்.

மாரிச்செல்வி அவர் பெட்டியை வாங்கிக்கொண்டாள். நாலு வருடமாக அவள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். எழுந்து நடக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டிவிடுவது எல்லாம் அவள் பொறுப்பு. ஊரில் செல்லச்சாமி சொல்லி வைத்திருப்பதோ வேறு. மகள் பெரிய ஆபீசில் மேனேஜர் என்று டீக்கடை வரைக்கும் பரப்பியிருந்தார். அது அவளுக்கும் தெரியும். அப்பா ஒருமுறை வந்து தன் வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டால் அந்தப் பொய்யை விட்டுவிடுவார் என்று நம்பித்தான் டிக்கெட் எடுத்து அனுப்பினாள்.

"நாளைக்கு எங்கூட வாங்கய்யா. நான் வேலை பாக்குற எடத்தக் காட்டுறேன்."

"அடுத்தவுக பீ மூத்திரம் அள்ளுறத நான் வந்து வேற பாக்கணுமாக்கும்."

அவள் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். செல்லச்சாமிக்கு இது உறைக்கவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைக் குறை சொல்லும் வேலை அவருக்குப் பாக்கியிருந்தது.

தெருவெல்லாம் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக இலையைக் கொட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் உதிர்ந்த குப்பையை விதவிதமாகப் போனில் படமெடுத்தார். எங்கள் பக்கம் ஒருவன் கருவேல மரத்தடியில் இப்படி நின்றால், புத்தி பிசகிவிட்டதென்று மந்திரிக்க ஏர்வாடிக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். இந்தக் காலத்தில் இலை உதிரும், பனி போனதும் துளிர்க்கும் என்று மாரிச்செல்வி சொல்லித்தான் இருந்தாள். வெள்ளாமை பார்க்காத புள்ளைக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அதையும் தள்ளிவிட்டார்.

மூன்று நாளாக விடாத தூறல். நாலாம் நாள் வீட்டு முன்னால் நின்ற மரத்தடியில் குந்தி மண்ணை அமுக்கிப் பார்த்தார். தண்ணீர் கசிந்தது. மிளகாய்ச் செடியடியில் தண்ணீர் தேங்கினால் இப்படித்தான் இலை பழுத்துக் கொட்டும், வேர் அழுகும். அவருக்குச் சந்தேகமே இல்லை. கார் செய்யத் தெரிந்த பயல்களுக்கு ஒரு வடிகால் வெட்டத் தெரியவில்லையே என்று வேட்டியை மடித்துக் கட்டினார். பின்பக்கம் கிடந்த மண்வாரியை எடுத்து, மரத்தைச் சுற்றிப் பள்ளம் பறித்து, தெரு வரைக்கும் வாய்க்கால் இழுத்தார். ஒரு நாட்டையே காப்பாற்றுகிற தோரணை அது.

வாய்க்கால் தெருவைத் தொடும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அப்படியே சேற்றில் சரிந்தார். கத்தினாலும் அவர் பாஷை அங்கே யாருக்குப் புரியும்? குளிரில் கிடந்த அரைமணி நேரத்தில் வேட்டி நனைந்தது. மழையால் மட்டும் நனையவில்லை. இலையைப் படமெடுத்தாரே, அந்த மனிதர்தான் பார்த்துவிட்டு மாரிச்செல்விக்குப் போன் போட்டார்.

வேலை உடுப்போடு ஓடி வந்தவள், அப்பாவின் கையைத் தன் தோளில் போட்டு, வலி தெரியாமல் தூக்கி உள்ளே கொண்டுவந்தாள். வந்து பார்த்த டாக்டர் நாலு நாள் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் வெந்நீரும் துணியும் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்தாள். செல்லச்சாமி கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

"அய்யா, இப்ப வேட்டிய எடுக்கப் போறேன். போர்வை மேல கெடக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது." கொஞ்ச நேரம் கழித்து, "இடது காலத் தூக்கப் போறேன். தண்ணி சுடுதா?"

"இல்லத்தா."

அவள் கை எங்கேயும் தயங்கவில்லை, எங்கேயும் அவசரப்படவில்லை. அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எல்லார்ட்டயும் இப்பிடிச் சொல்லிட்டுத்தான் தொடுவியா?"

"ஆமாய்யா. சொல்லாமத் தொட்டா அவுகளுக்குக் கூச்சமா இருக்கும்ல."

செல்லச்சாமி கண்ணைத் திறந்து அவள் கையைப் பார்த்தார். எடைபோட வாயில் ஒன்றும் வரவில்லை.

அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தது. அவர் மனைவியின் தம்பி மலையாண்டி. மாரிச்செல்வி ஸ்பீக்கரில் போட்டுக் காதோரம் வைத்தாள்.

"மச்சான், நாடு எப்பிடி இருக்கு?"

"என்னத்தப் பெரிய நாடு. வெயிலுக்கு வக்கில்ல."

"நம்ம புள்ள ஆபீசப் பாத்தீகளா?"

துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் கை நின்றது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆபீசெல்லாம் இல்ல மாப்ள," என்றார் செல்லச்சாமி. "எந்திரிக்க மாட்டாத பெரியவுகளக் குளிப்பாட்டி, துணி மாத்தி விடுது. நாலு வருசமா அந்த வேலைதான். நான்தான் ஊருல பொய் சொன்னேன்."

செல்லச்சாமி போன் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இப்ப என்னையவும் குளிப்பாட்டுச்சு. யாரும் கேட்டா அப்பிடியே சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."