சக்கர நாற்காலியோடு மூன்று முகாம் வளாகங்கள்: அரும்பாவூரிலிருந்து திருமானூர் வரை

போன மார்ச் மாதம் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெரம்பலூர், அரியலூர் பக்கம் சுற்றினேன். கோயில் பார்க்கவோ மலை பார்க்கவோ போகவில்லை. பிள்ளைகளின் கோடை முகாமுக்கு ஓர் இடம் தேடிப் போனேன். உங்கள் வீட்டிலும் நடக்க முடியாத பிள்ளை இருந்து, அந்தப் பிள்ளையும் முகாமுக்குப் போக வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், இது உங்களுக்காகத்தான்.

என் மகள் ரூபிக்குப் பதிமூன்று வயது. பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே பலம் கிடையாது. சக்கர நாற்காலிதான். திருச்சியில் எங்கள் லுத்தரன் சபையில் இந்த வருடம் திடப்படுத்தல் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள், அவளும் ஒருத்தி. தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள், வளர்ந்த பிறகு தங்கள் விசுவாசத்தைத் தாங்களே சபை முன்னால் சொல்வதுதான் திடப்படுத்தல். அதற்கு ஒரு வருடம் வகுப்பு நடக்கும். கடைசியில் ஐந்து நாள் முகாம்.

வழக்கமாகப் போகும் இடம் மலை மேல் இருக்கிறது. தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் நாற்பத்தாறு படி. முகாம் குழுவின் செயலாளர் என்னிடம் ரொம்பப் பணிவாகத்தான் சொன்னார்: "ரூபிய கடைசி நாள் மட்டும் கூட்டிட்டு வந்துடுங்க சிஸ்டர். நிறைவு ஆராதனையில இருந்தா போதும்." நான் இடத்தை மாற்றலாமே என்றேன். "நீங்க ஒரு இடம் பாத்துட்டு வாங்க. புதன்கிழமை கூட்டத்துல பேசலாம்" என்றார். நான் தேட மாட்டேன் என்று நினைத்திருப்பார். என் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார், நான் பள்ளியில் கணக்கு டீச்சர், எனக்கு எங்கே நேரம் என்று யாருக்கும் தோன்றும். அன்றைக்கே உட்கார்ந்து ஒன்பது இடங்களுக்குப் போன் செய்தேன். மூன்று இடங்கள் மட்டும் "வந்து பாருங்க" என்றன. மூன்றின் பெயரையும் இங்கே போடவில்லை. குறை சொல்லும் இடத்தில் ஒருவரையும் சங்கடப்படுத்த வேண்டாம்.

சனிக்கிழமை காலை 5.40க்கு உறையூரிலிருந்து கிளம்பினோம். ரூபி, நான், வேன் ஓட்டும் முருகேசன் அண்ணன். நாற்காலியை மடிக்காமலேயே பின்பக்கம் ஏற்றுகிற மாதிரி வேன் வைத்திருப்பவர் எங்கள் பக்கத்தில் இவர் ஒருவர்தான். இரண்டு நாளைக்கு டீசல், பேட்டா எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். என் பையில் ஓர் இன்ச் டேப், நோட்டு, ரூபியின் மடக்கு கமோடு நாற்காலி. பெரம்பலூர் வரை 62 கிலோமீட்டர், ஏழு மணிக்குப் போய்விட்டோம். புது பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி சாப்பிட்டு அரும்பாவூர் ரோட்டில் திரும்பினோம். வண்டி மீட்டர்படி இன்னும் 29 கிலோமீட்டர்.

முதல் வளாகம் பச்சைமலை அடிவாரத்தில். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு அழகு. பத்து ஏக்கரில் புளியமரமும் மாமரமும், நடுவில் ஒரு குளம், குளத்தைப் பார்த்தபடி ஒரு சிற்றாலயம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சாப்பாட்டோடு 450 ரூபாய். ஆனால் அறைக்கு மூன்று படி, கூடத்துக்கு ஐந்து, ஆலயத்துக்கு நாலு, கழிப்பறைக்கு இரண்டு. சாவி வைத்திருந்த பொறுப்பாளர் நல்ல மனிதர். "இது ஒரு விஷயமாம்மா? நாலு பசங்க சேந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார்.

ரூபி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "எத்தன தடவ அண்ணா?"

"எத்தன தடவன்னா?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். காலை எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும் வரை. "ஒரு நாளைக்கு இருபத்தாறு தடவ. அஞ்சு நாளைக்கு நூத்தி முப்பது. பாத்ரூம் அவசரம்னா அதுக்கு முன்னாடி நாலு பேரத் தேடணும்."

அவர் உள்ளே போய் ஒரு பலகையை எடுத்து வந்து படியில் சாய்த்தார். முயற்சி செய்தோம். பாதி ஏறியதும் பலகை வழுக்கி, நாற்காலி பின்னால் சரிந்தது. நான் பிடித்துவிட்டேன், ஆனால் ரூபியின் முழங்கை சுவரில் உரசித் தோல் போய்விட்டது. அவள் அழவில்லை. "அடுத்த இடம் போலாம்மா" என்றாள். 10.20க்கு அங்கிருந்து கிளம்பினோம்.

இரண்டாவது இடம் பெரம்பலூர் - அரியலூர் ரோட்டில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. இந்த ரோட்டில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போகும், ஜன்னலை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். புதுக் கட்டடம், டைல்ஸ் தரை, வாசலிலேயே சாய்தளம். எனக்கு உயிரே வந்தது. ஒரு பிள்ளைக்கு நாளைக்கு 750. நிர்வாகி அம்மா எங்களுக்கு மோர் கொடுத்து, ஆபீஸை ஒட்டிய விருந்தினர் அறையைத் திறந்து காட்டினார்கள். ஏசி, இரண்டு கட்டில்.

"பிள்ளைங்க எல்லாம் மாடியில டார்மிட்டரி. இவங்க இங்க அம்மாவோட சௌகரியமா இருக்கட்டும்" என்றார்கள்.

குளியலறைக் கதவை அளந்தேன். இருபத்து நாலு இன்ச். நாற்காலி இருபத்தைந்து. "ஒரு இன்ச்தானம்மா" என்றார்கள் அந்த அம்மா, உண்மையாகவே வருத்தப்பட்டு.

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த அறையை எனக்குப் பிடித்திருந்தது. கதவு நிலையை மாற்றச் சொல்லலாம், நானும் கூடவே இருந்துவிடலாம், பத்திரம். அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். ரூபி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

வேனில் சண்டை. "எல்லாரும் மாடியில படுப்பாங்க, நான் ஆபீஸ் பக்கத்துல உன்கூடப் படுக்கணுமா? அதுக்கு வூட்லயே இருந்துடலாம்" என்றாள். நான் எனக்கு இருந்த ஆத்திரத்தில், "உனக்காகத்தான இவ்ளோ அலையறேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. முருகேசன் அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, "அரியலூர்ல பரோட்டா நல்லாருக்கும் பாப்பா" என்றார். அரியலூரில் தரைத்தள அறை உள்ள லாட்ஜில் தங்கினோம், 1,100 ரூபாய். முன்கூட்டியே போன் செய்து படி எத்தனை என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஞாயிறு காலை 7.15. கீழப்பழுவூர் வழியாகத் திருமானூர். கொள்ளிடம் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் நெல்லும் கரும்பும். திருமானூரில் டீக்கடையில், மூன்றாவது இடம் இருக்கும் கோயிலுக்கு வழி கேட்டோம்.

"லுத்தரன் கோயில் எங்கண்ணே?"

"அது என்ன கோயிலு? மாதா கோயிலா? நேரா போங்க, ஏலாக்குறிச்சி" என்றார் அவர். நாங்களும் நம்பிப் போனோம். ஏலாக்குறிச்சியில் திருப்பலி முடிந்து வந்த ஒரு டீச்சர் அம்மா சிரித்துக்கொண்டே எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். இந்தப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய. நீங்கள் வேறு சபையைத் தேடிப் போனால் பக்கத்துத் தெருப் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு நாற்பது நிமிடம் போனது.

8.50க்கு மூன்றாவது இடம். பழைய ஓட்டுக் கட்டடம், நீளமான ஒரே கூடம், எல்லாம் தரைமட்டம், வாசலில் மட்டும் ஒரு படி. பிள்ளைகள் எல்லாரும் கூடத்திலேயே பாய் போட்டுப் படுப்பார்களாம். மலை இல்லை, குளம் இல்லை, ஏசி இல்லை. கழிப்பறை பின்னால் நாற்பது அடி தள்ளி, வழி முழுக்க மணல்.

வளாகத்தைப் பார்த்துக்கொள்வதும் முகாம் வந்தால் சமைப்பதும் சாந்தா என்ற அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் துடைப்பத்தோடு வந்தவர் என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, நேராக ரூபியிடம் போனார்.

"பாத்ரூம்ல நீ எப்படி எறங்குவ? எனக்குக் காட்டு."

நாற்காலி மணலில் போகவில்லை. நானும் முருகேசன் அண்ணனும் தள்ளித் தூக்கிக் கொண்டுபோய் விட்டோம். கதவு முப்பது இன்ச், தாராளம். ரூபி மடக்கு கமோடை உள்ளே போடச் சொல்லி, எப்படி நகர்வாள் என்று செய்து காட்டினாள். "இந்தப் பக்கம் புடிச்சுக்க ஒரு கம்பி வேணும் ஆன்ட்டி." சாந்தா அக்கா அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்து, ரூபியின் கை இருந்த உயரத்தில் சுவரில் கோடு போட்டார்.

"எங்க வூட்டுக்காரரு கொத்தனாருதான். கம்பி வெக்கிறது அர நாள் வேல. பின்னாடி பழைய கடப்பா கல்லு கெடக்கு, அதப் போட்டா வழியும் ஆயிடும். ஆனா ஐயர் சம்மதிக்கணும்."

இந்தச் சபையின் போதகரை இங்கே எல்லாரும் ஐயர் என்றுதான் சொல்கிறார்கள். மூன்று ஊருக்கு அவர் ஒருவர், 11 மணிக்குத்தான் வருவார். காத்திருந்தோம். ஆராதனையில் எங்களோடு சேர்த்து இருபத்தைந்து பேர். ரூபி ஞானப்பாட்டுப் புத்தகம் இல்லாமலேயே பாடினாள், முந்தின நாள் கோபம் போயிருந்தது. ஆராதனை முடிந்ததும் அவரிடம் பேசினேன். இளம் வயது, தயங்கினார். "பழைய கட்டடம்ங்க. மேல கேக்காம நான் ஒண்ணும் செய்ய முடியாது. மனு குடுங்க, அடுத்த மாசம் கூட்டத்துல வெக்கிறேன்."

"எனக்குப் புதன்கிழமை வரைக்கும்தான் ஐயா நேரம்" என்றேன். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதினேன். கதவு அகலம், கல் எத்தனை, கம்பி எங்கே, எல்லாவற்றையும் படம் போட்டேன். சுவரை இடிக்கப் போவதில்லை என்றும் எழுதினேன். "போன்ல ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க ஐயா, நாங்க இங்கயே இருக்கோம்." அவர் வெளியே போய் இருபது நிமிடம் பேசிவிட்டு வந்தார். "செவ்வாக்கெழம சொல்றேன்னு சொல்லியிருக்காங்க" என்றார். சாந்தா அக்கா எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. கத்திரிக்காய் குழம்பு. 2.30க்குக் கிளம்பி 4.45க்கு வீடு.

செவ்வாய் மாலை ஆறு மணிக்கு அனுமதி வந்தது. புதன்கிழமை கூட்டத்துக்கு ரூபியும் வருவேன் என்றாள். அங்கே ஒருவர் கேட்டார்: "ஒரு பிள்ளைக்காக முப்பது பிள்ளைங்க மே மாச வெயில்ல காயணுமா?" நியாயமான கேள்விதான். ரூபி ஒரு தாளை நீட்டினாள். அவளே எழுதிய கால அட்டவணை. முகாமை ஏப்ரல் கடைசிக்கு மாற்றுவது, காலை 6.30 முதல் 10.30 வரை வேதபாடம், வெயில் நேரத்தில் கூடத்துக்குள் பாட்டும் கைவேலையும், மாலை ஆற்றங்கரை. "பரீட்சை அதுக்குள்ள முடிஞ்சிடும் அங்கிள். நான் விசாரிச்சிட்டேன்." பதினொரு பேரில் ஏழு பேர் கை தூக்கினார்கள்.

செயலாளர் கடைசியில், "அம்மா கூட வந்து தங்கணும், அது மட்டும் நிபந்தனை" என்றார். நான் தலையாட்ட ஆரம்பித்தேன்.

"அம்மா வந்தா நான் வரல" என்றாள் ரூபி.

அத்தனை பேர் முன்னால் அது எனக்கு வலித்தது. மறைக்கவில்லை. ஆனால் அவள் கேட்டது சரி. எனக்குப் பதில் வேறொருவர் கூட இருந்தால் போதும் என்று செயலாளரும் ஒத்துக்கொண்டார். முகாமில் உதவியாளராகப் போகும் ஜெபா என்ற பெண், இருபத்து நாலு வயது, அடுத்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டுக்கு வந்து, ரூபியை எப்படி நகர்த்துவது, எங்காவது புண் வருகிறதா என்று பார்ப்பது, எல்லாம் கற்றுக்கொண்டாள். சாந்தா அக்காவின் கணவர் கல்லும் கம்பியும், வாசல் படியில் ஒரு சாய்வும் போட்டு முடித்துப் படம் அனுப்பினார். நாங்கள் வாங்கிக் கொடுத்தது நாலு மூட்டை சிமெண்ட் மட்டும்.

முகாமின் மூன்றாம் நாள் மாலை என்னால் பொறுக்க முடியாமல் போன் செய்தேன். சாந்தா அக்கா எடுத்தார். "பாப்பா ஆத்துக்குப் போயிருக்கு டீச்சர்."

"ஆத்துக்கா? மணல்ல நாற்காலி போகாதே."

"தூக்கிட்டுதான் போனாங்க. அதுவேதான் யாரு யாரு தூக்கணும்னு ஆளப் பிரிச்சு விட்டுச்சு. முட்டளவு தண்ணிதான், ஜெபா கூடவே நிக்குது. நீங்க வைங்க, எனக்குக் கொழம்பு கொதிக்கிது."

இனி போகிறவர்களுக்கு. இடத்தைப் பார்க்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். நாற்காலியின் அகலத்தை அளந்து வைத்துக்கொண்டு, அதைவிட நாலு இன்ச்சாவது கூடுதலான கதவைத் தேடுங்கள். "சாய்தளம் இருக்கு" என்று போனில் சொன்னால் கழிப்பறைக் கதவைப் பற்றிக் கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் எங்கே படுப்பார்கள் என்பதையும் கேளுங்கள். நான் அதைக் கேட்க மறந்தேன். திருமானூர் பக்கம் என்றால் ஏப்ரல் கடைசியைத் தாண்டாதீர்கள். தண்ணீர் கேன் நிறைய வேண்டும். அந்த இடத்தில் ஒரு பிள்ளைக்கு நாளைக்குச் சாப்பாட்டோடு 300 ரூபாய், நாற்பது பேருக்கு மேல் தாங்காது. பெரிய வளாகம்தான் வசதியாக இருக்கும் என்று நான் நினைத்தது தப்பு. கேட்டதைச் செய்து கொடுக்க ஆள் இருக்கும் இடமே வசதியான இடம்.

கடைசி நாள் மதியம் இரண்டு மணிக்கு நானும் முருகேசன் அண்ணனும் அவளை அழைத்துவர வளாகத்து வாசலில் வண்டியை நிறுத்தினோம். ரூபி வெயிலில் முகமெல்லாம் கறுத்து, கூடத்து வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "அஞ்சு மணிக்குக் கெளம்பலாமாம்மா? இங்க இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள். முருகேசன் அண்ணன் சீட்டைச் சாய்த்துத் தூங்கினார். செய்வதற்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.